இம்பீரியல் ஸ்டவுட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரையிலான எல்லையோர ஊர்களில், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இங்குள்ள தென்னந்தோப்புகளில் இறக்கும் கள் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் வண்டியேறிப் போகிறது. அதனால் எங்கள் பேச்சில் கள்ளின் வயதைக் குறிக்கச் சொற்பஞ்சம் இருந்ததில்லை: காலையில் இறக்கியது இளங்கள், மாலையில் இறக்கியது அந்திக்கள், பொழுது கடந்து காட்டம் ஏறியது மூத்த கள். அண்மையில் சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா மகன், அங்கும் எளிதில் கிடைக்காததென்று சொல்லி ஒரு கரிய புட்டியைக் கொடுத்தான். போர்பன் பீப்பாயில், அதாவது அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில், ஓராண்டு வைத்த இம்பீரியல் ஸ்டவுட் என்று அதன் மேல் எழுதியிருந்தது. அது கரிய, வலிய ஒருவகைப் பீர். நாற்பது ஆண்டுகள் மரம் ஏறிய என் பெரியப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “வருசம் ஒண்ணாச்சுன்னா புளிச்சுப் போயிருக்கோணுமே” என்றார். அந்தப் பெயருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று என்னைத் தேட வைத்தது அவருடைய அந்தக் கேள்விதான்.

‘ஸ்டவுட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று பருத்த, தடித்த என்று பொருள் கொள்கிறோம். ஆகவே ‘தடித்த பீர்’ என்று மொழிபெயர்ப்போர் உண்டு. அது பிழை. பழைய பிரெஞ்சு மொழியின் ‘எஸ்டூட்’ என்ற சொல்லிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தபோது செருக்குள்ள, வீரமுள்ள என்னும் பொருளையே கொண்டிருந்தது. செருக்கைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லான ‘ஸ்டோல்ட்ஸ்’ அதன் உறவு. வீரம் வலிமையாகி, வலிமை உடற்பருமனானது பிற்காலத்து மாற்றம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல்லைப் பீருக்கு வழங்கியபோது ‘வலிய பீர்’ என்பதே கருத்து. நிறத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த கருநிறப் பீருக்கு அவர்கள் பெயராலேயே ‘போர்ட்டர்’ என்று வழங்கிற்று. நம் ரயில் நிலையங்களில் கேட்ட அதே போர்ட்டர்தான். அதில் வலியது ‘ஸ்டவுட் போர்ட்டர்’ ஆயிற்று. நாளடைவில் பின்சொல் உதிர, முன்சொல் கருமையையும் தனக்கு உரிமையாக்கிக்கொண்டது. 1817இல் டேனியல் வீலர் உருளைகளில் தானியத்தைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், அந்தக் கருமை இன்னும் ஆழமானது.

‘இம்பீரியல்’ என்பது ரஷ்யப் பேரரசைக் குறித்தது. லண்டன் சதர்க் பகுதியில் இருந்த திரேல் ஆலையின் போர்ட்டர், பேரரசி இரண்டாம் கேதரினுக்கென்றே காய்ச்சப்பட்டது என்றும் ஏழாண்டு கெடாமல் இருக்கும் என்றும் ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் 1796ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆலை 1781இலேயே பார்க்ளே பெர்கின்ஸ் குழுமத்தின் கைக்கு மாறியிருந்தாலும் பழைய பெயர் மக்கள் வாயில் நின்றிருந்தது. இன்று ‘இம்பீரியல்’ என்றால் அரசர் யாரும் இல்லை. மற்றதைவிட வலியது என்பதற்கான அடைமொழி மட்டுமே. சாதாரண பீரில் ஏறத்தாழ 5 விழுக்காடு சாராயச் செறிவு இருக்க, இதில் 8 முதல் 12 வரை இருக்கும்; பீப்பாயில் வைத்ததில் மரம் முன்பு குடித்திருந்த விஸ்கியும் சேர்வதால் அதற்கு மேலும் ஏறும்.

பீப்பாய் என்ற சொல்லை நாம் தமிழென்றே நினைக்கிறோம். அது போர்ச்சுகீசியரின் ‘பீப்பா’. மலையாளத்தில் அதுவே ‘வீப்பா’ ஆனது. எங்கள் ஊரில் இரண்டும் காதில் விழும். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உட்புறம் கரித்த புதிய கருவாலி மரக் கலன்களில்தான் வைக்க வேண்டும். ஆகவே ஒருமுறை பயன்படுத்திய, சுமார் 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய்கள் காலியாகிக் கிடைக்கின்றன. அவற்றில் ஸ்டவுட்டை ஊற்றி வைக்கும் வழக்கம் 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையால் புகழ்பெற்றது. வெப்பத்தில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் மரம் பானத்தை உள்ளிழுத்து வெளிவிட, வனிலா மணமும் தேங்காய் மணமும் அதில் இறங்குகின்றன.

பெரியப்பாவின் ஐயத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கள்ளில் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். அடுத்து, காற்றுப் பட்டதும் வேறு நுண்ணுயிர்கள் அந்தச் சாராயத்தைக் காடியாக்கும். ஸ்டவுட்டோ நொதிக்கும் முன்பே கொதிக்க வைக்கப்பட்டது. அதில் சேரும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும், மிகுந்த சாராயமும், மூடிய கலனும் அந்த நுண்ணுயிர்களை எளிதில் அண்டவிடா. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் கழித்து, சிறு கண்ணாடிக் குவளையில் இரண்டு விரல் அளவே ஊற்றினோம். மிகுந்த குளிர்ச்சியில் மணம் எழாது. முதலில் வறுத்த காப்பிக்கொட்டை, பிறகு உலர்திராட்சை, கருப்பட்டிப் பாகு, கடைசியில் தொண்டையில் மெல்லிய சூடு. நுரை மிகக் குறைவு. பெரியப்பா நெடுநேரம் நாவிலேயே வைத்திருந்து விழுங்கியபின், “இது மூத்ததில்லை, வெளஞ்சது” என்றார்.

அந்த வேறுபாடு மிகத் துல்லியமானது. மூத்தல் காலம் கடப்பது. விளைதல் காலத்தால் நிறைவது. சங்கப் பாடல்கள் அப்படித்தான் பேசுகின்றன. மூங்கில் குழாயில் வைத்த தேறலை, அதாவது தெளிந்த மதுவை, திருமுருகாற்றுப்படை ‘நீடமை விளைந்த’ என்கிறது. மண்ணில் புதைத்து வைத்ததைப் புறநானூறு ‘நிலம்புதைப் பழுனிய’ என்கிறது. ‘நாட்படு தேறல்’ என்ற தொடரும் புறநானூற்றில் உண்டு. ஆனால் ‘நாள்பட்ட’ என்பதை நோய்க்கு மட்டுமே ஒதுக்கிவிட்ட இன்றைய வழக்கில் அது பொருந்தாது என்பது என் வருத்தம். ‘பழைய’ என்பதோ கெட்டுப்போனதையும் குறிக்கும். எனவே பீப்பாயில் வைத்ததற்கு ‘பீப்பாயில் விளைந்த’ என்பதே சரி.

பானத்தின் பெயருக்குத் ‘தேறல்’ என்பதைப் பலர் முன்மொழியக்கூடும். தேறுதல் தெளிதலாகையால் அது தெளிந்த மதுவுக்கே உரியது. ஒளி புகாத இந்தக் கரிய பானத்துக்குப் பொருந்தாது. வாற்கோதுமையை முளைகட்டிச் செய்யும் பீருக்கு நெருங்கிய சொல் ‘தோப்பி’. பெரும்பாணாற்றுப்படையின் ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்ற தொடருக்கு உரைகாரர் நெல்லால் சமைத்த கள் என்றே பொருள் கொண்டார். அகநானூறு மூங்கிலில் பழுநிய தோப்பியின் கடுந்திறலைப் பாம்பின் கடுப்புக்கு ஒப்பிடுகிறது. கடுந்திறல் என்பது ஸ்டவுட்டின் பழம்பொருளேதான். ஆகவே ஸ்டவுட்டைக் ‘கடுந்தோப்பி’ என்றும், இம்பீரியல் ஸ்டவுட்டைப் ‘பேரரசுக் கடுந்தோப்பி’ என்றும் சொல்லலாம். கடையில் கேட்டு வாங்கும்போது ‘ஸ்டவுட்’ என்றே சொல்லுங்கள். கட்டுரையில் முதல்முறை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதி, அதன்பின் ‘கடுந்தோப்பி’ என்று மட்டும் வழங்கினால் போதும்.