சிக்கனம் சொல்லித்தரப் போகும் முன்

ராமநாதபுரம் கடற்கரையில், தேவாலயப் பங்குகளில் வீடில்லாத குடும்பங்களுக்குப் பண நிர்வாக வகுப்பு எடுக்கிற தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கி வேலைக்குப் பிறகு நிதி எழுத்தறிவு ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் மனசு நல்லது என்று தெரியும். ஆனால் போன மாதமும் ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்து, கணவர் பிள்ளைகளோடு கரையோர வலைக் கொட்டகையில் தங்கியிருப்பவர். வகுப்பில் சொன்னார்களே என்று மாதம் 500 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டிருக்கிறார். அதனால் குழுக்கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறுகடன்) வாரத் தவணையில் துண்டு விழுந்தது. அதை அடைக்கத் தினம் தினம் கட்டும் தண்டல் கடன் வாங்கிவிட்டார்.

தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது. தண்டல் நிலுவையில் இருக்கும் குடும்பத்தை ஆர்.டி. போடச் சொல்வது தப்பு. முதலில் தண்டல் முடியட்டும்.

என்னை மிகவும் வருத்துவது, "இவங்களுக்குச் செலவு பண்ணத் தெரியல" என்ற பேச்சு. நீங்கள் கொடுக்கும் வரவு செலவு நோட்டில் முதல் கட்டமே மாத வருமானம். விசைப்படகில் போகிறவருக்கு மாத வருமானம் ஏது? டீசல், ஐஸ் கழித்து மிஞ்சினால்தான் பங்கு. காற்று அடித்தால் தொழில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்றே தெரியாது. அப்புறம், அரிசியை மூட்டையாக வாங்கினால் மலிவு என்கிறீர்கள். தார்ப்பாய்க்குக் கீழே மூட்டையை எங்கே வைப்பார்? ஒரு மழைக்குத் தாங்குமா? அதனால்தான் அரைக் கிலோவாக வாங்குகிறார். அடுப்பு மூட்ட இடமில்லாதவர் பிள்ளைக்குக் கடையில் இட்லி வாங்குவது ஊதாரித்தனம் இல்லை. நாளைக் காலையில் தண்டல்காரருக்கு எவ்வளவு, மளிகைக்கடைக்கு எவ்வளவு, யாரிடம் இரண்டு நாள் தவணை கேட்கலாம் என்று அந்தப் பெண் மனக்கணக்காகவே வைத்திருக்கிறார். குடியைப் பற்றிச் சொல்வீர்கள். குடிக்கிற வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குடிக்கிறவர் உங்கள் வகுப்புக்கு வருவதில்லை. வந்து உட்கார்ந்திருக்கும் மனைவிக்குத்தான் அந்த உபதேசம் விழுகிறது.

அந்தப் பெண்ணுக்கு இல்லாதது காகிதங்கள், அதாவது அடையாள ஆவணங்கள். வீடு போனதும் முகவரி போகிறது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நழுவுகிறது. அதில் உதவுங்கள். ஆவணம் இல்லாதவருக்கும் வங்கியில் 'சிறு கணக்கு' உண்டு. அதிகாரி முன்னிலையில் புகைப்படமும் கையெழுத்தோ கைநாட்டோ போதும். ஓராண்டுக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்த சான்றைக் காட்டினால் இன்னும் ஓராண்டு நீட்டிப்பார்கள். கவுன்டரில் இப்படி ஒன்று இல்லை என்று சொன்னால் மேலாளரைப் பாருங்கள், அந்த இடத்தில் நீங்கள் கூட நிற்பது பெரிய உதவி. வாக்காளர் பட்டியலில் சேரவும் வீட்டு முகவரிச் சான்று தேவையில்லை. அவர் படுத்துறங்கும் இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதுதான் விதி.

குழுக்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது, மிரட்டக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் தரவும் கூடாது. இதை வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள். கந்துவட்டியும் தண்டலும் தமிழ்நாட்டின் 2003 அதீத வட்டித் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது அவரைத் தனியாக அனுப்பிவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு (சுரக்ஷா பீமா) இருக்கிறது. கடலுக்குப் போகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். அந்தப் பணத்தை மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். நம் கரையில் அப்போது தடைக்காலம், கணக்கு காலி. பணம் எடுக்க முடியாமல் காப்பீடு நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மே 25க்குள் 20 ரூபாய் கணக்கில் கிடக்கிறதா என்று நினைவுபடுத்துங்கள், போதும்.

சில விஷயங்களைச் செய்யவே செய்யாதீர்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்று பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். மறுநாள் ஊரெல்லாம் பேசும். வகுப்புக்கு வந்தால்தான் அரிசிப் பை என்று வைக்காதீர்கள். அவர்கள் சேமிப்பை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள், நம்பிக் கொடுத்தாலும் சரி. ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் உங்கள் கைக்கு வரவே கூடாது. படகு கரை திரும்பும் நாளில் வகுப்பு வைக்காதீர்கள். பெண்கள் ஏலத்தில் நிற்பார்கள்.

தடைக்கால நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். முகவரி மாறியதால் பட்டியலில் விட்டுப்போன குடும்பங்களை அன்பியம் அன்பியமாக (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) மார்ச்சிலேயே தேடி, மீன்துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். ஏப்ரலில் தொடங்கினால் நேரம் போதாது.