எந்த மாதம், எந்த ஊர்? புதுச்சேரியிலிருந்து ஒரு காற்றுக் கணக்கு

1769 ஜூன் 4, காலை. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு காத்திருந்தார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போவதைப் பார்த்து அளக்க வேண்டும். 1761-இல் கிடைத்த முதல் வாய்ப்பு, புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போய்விட்டதால், நடுக்கடலில் ஆடும் கப்பலில் வீணாகியிருந்தது. எட்டு ஆண்டு கழித்து வந்த இரண்டாவது வாய்ப்பு இது. மே மாதமெல்லாம் காலை வானம் பளிச்சென்று இருந்தது. அன்று பார்த்து மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. அவர் முதலில் போய் இறங்கியிருந்த மணிலாவிலோ அன்று வானம் தெளிவு.

பாவம், தேதியை மாற்ற அவரால் முடியாது. இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சுற்றுலா போகிற நம் நிலையும் அதேதான். விடுமுறை எப்போது என்பதைப் பள்ளிக்கூடமும் அலுவலகமும் முடிவு செய்துவிடுகின்றன. அதனால் ‘இந்தியாவைச் சுற்றிப் பார்க்க எந்தப் பருவம் நல்லது’ என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் ‘இந்த மாதம் எந்த ஊர்’ என்றுதான் கேட்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வழியில் எந்த மலை நிற்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வெள்ளி கடப்பதை வைத்துச் சூரியனின் தூரத்தை அளக்கலாம் என்று வலியுறுத்திய எட்மண்ட் ஹாலிதான் 1686-இல் பருவக்காற்றுகளுக்கு வரைபடமும் போட்டவர் என்பது வேடிக்கையான பொருத்தம். கோடையில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிக் காற்றை இழுக்கிறது என்பது அவர் விளக்கம். அடிப்படை இன்றும் அதுதான். தெற்கிலிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் காற்று, பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடுகிறது. ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் நாடு முழுவதும் பரவிவிடும்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது மலைக்கு இந்தப் பக்கம் நடப்பதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 700 செ.மீ.க்கு மேல். நீராவி நீராகும்போது, ஆவியாக மாறிய நேரத்தில் வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுகிறது. அதனால் மேகமாகி ஏறும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குளிர்கிறது. ஈரத்தை இழந்து மறுபக்கம் இறங்கும்போதோ ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறுகிறது. ஏறியதைவிடச் சூடாக, காய்ந்து இறங்கும் இந்தக் காற்றுதான் ஆடியில் அம்மியைப் பறக்கவைக்கும் காற்று. மங்களூரில் குடை பிடிக்கும் ஜூலையில் கடலூரில் புழுதி பறப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மதியம் ஆனால் கடல்காற்று எதிரே வரும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். அப்படிப்பட்ட நாளில்தான் மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. இரண்டும் மோதும் இடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகம் திரளும். ஆகஸ்ட், செப்டம்பரில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு ராத்திரி இடியோடு மழை பெய்வது இதனால்தான்.

ஐப்பசியில் கதை தலைகீழ். சூரியன் தெற்கே போக, வடக்கே நிலம் குளிர, காற்று வடகிழக்காகத் திரும்புகிறது. வட இந்தியாவில் அது வறண்ட காற்று. வங்கக்கடலைக் கடந்து நம் கரைக்கு வரும்போது ஈரக்காற்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. கடலோரத்தில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆனால் வெறும் காற்று மட்டும் இவ்வளவு மழை தராது, தாழ்வு மண்டலங்கள் வர வேண்டும். அவை எத்தனை, எந்தக் கரையைத் தொடும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் வறட்சி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நவம்பரில் இங்கே கடற்கரைத் திருமணம் வைப்பவர்களின் துணிச்சலை நான் மெச்சுகிறேன்.

தை பிறந்த பிறகு, வெப்பமண்டலத்தில் பூமியைச் சுற்றி நிற்கும் மழைமேகப் பட்டை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போய்விடும். தையும் மாசியும்தான் புதுச்சேரிக்கு நல்ல காலம்.

அந்த நேரத்தில் ராஜஸ்தானும் அருமை. டெல்லியில் மட்டும் ஜனவரி மூடுபனி ரயிலையும் விமானத்தையும் காக்கவைக்கும். காஷ்மீரில் அப்போது பனி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள் அதைக் கொண்டுவருகின்றன. மே மாதப் பள்ளி விடுமுறைக்கு இமயமலையில் உயரத்தில் இருக்கும் ஊர்கள் சரி. அந்தமானை மே பாதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அங்கே பருவமழை கேரளத்துக்கு முன்பே வந்துவிடும்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. பிரான்சிலிருந்து உறவினர்கள் ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறார்கள், அது மழைக்காலம் ஆயிற்றே? தாராளமாக வரட்டும், இங்கே இருட்டிய பிறகு பெய்யும் மழைதான். வடக்கேயும் போக ஆசைப்பட்டால் லடாக் இருக்கிறது. நாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் இருப்பதைப் போல லே நகரம் இமயமலைக்குப் பின்னால், இன்னும் பெரிய மழைமறைவில் இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலே சுமார் 10 செ.மீ. மழைதான். ஆனால் 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் நேராகப் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஊர் சுற்றாமல் அறையிலேயே ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.