ரஸ்ஸல் குரூப் ஒன்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை

பிரிட்டனில் படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் எனக்கு, இந்த மாதத்தில் இப்படிக் கேட்பது இது மூன்றாவது முறை. "ரஸ்ஸல் குரூப்ல இல்லாத யூனிவர்சிட்டி பேரையே எடுக்காதீங்க மேடம்" என்றார் ஒரு அப்பா. பையனுக்கு விளையாட்டு அறிவியல்மேல் ஆசை. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் ஆஃபர் லெட்டர் என் மேஜையில் கிடக்கிறது. அந்தத் துறையின் உலகத் தரவரிசையில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த இடம். அவரோ வாட்ஸ்அப்பில் வந்த ரஸ்ஸல் குரூப்பின் 24 பெயர்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல இல்லையே" என்கிறார். பையன் தரையைப் பார்த்தான்.

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ரஸ்ஸல் குரூப் என்பது தரவரிசை இல்லை. பிரிட்டன் அரசு தந்த சான்றிதழும் இல்லை. நம்மூர் நாக் கமிட்டி மாதிரி யாரும் வந்து பார்த்துவிட்டு மதிப்பெண் போடவுமில்லை. 1994-ல் 17 ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. கூடிப் பேசிய லண்டன் ஓட்டலின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். மில் அதிபர்கள் சங்கம் அமைச்சரைப் பார்த்து மனுக் கொடுப்பதில்லையா? அதே வேலைதான்: ஆராய்ச்சி நிதி, கட்டணம், விசா.

2012-ல் டர்ஹாம், எக்ஸிடர், யார்க், குயின் மேரி நான்கும் வேறொரு சங்கத்தை விட்டு இதில் சேர்ந்தன. சேர்ந்த அன்று அங்கே பேராசிரியர்கள் மாறினார்களா, ஆய்வகம் மாறியதா? 1413-ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இன்றுவரை இதில் இல்லை.

செல்வாக்கு இல்லாத சங்கம் என்று சொல்லவில்லை. பள்ளி மாணவர்களுக்கென்று 2011-ல் ஒரு கையேடு போட்டு, பல பட்டப்படிப்புகளுக்குக் கதவு திறக்கும் பாடங்கள் என்று சிலவற்றைத் தனியே பட்டியலிட்டார்கள். அரசு அதை எடுத்துப் பள்ளிகளை அளக்கும் அட்டவணையிலேயே சேர்த்தது. கலைப் பாடங்கள் அடிவாங்குகின்றன என்று கூச்சல் எழுந்து, 2019-ல் அவர்களே பட்டியலைக் கைவிட்டார்கள். பட்டியலை நம்புகிற வியாதி நமக்கு மட்டும் இல்லை!

தயவுசெய்து பாடத்திட்டத்தைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் படியுங்கள். அதே துறையில் படிக்கும் சீனியரிடம் பேசுங்கள். விசா விதியைப் பாருங்கள்: வகுப்புவழி (ஆராய்ச்சி அல்லாத) முதுகலைக்குப் போகிறவர்கள் 2024 ஜனவரியிலிருந்து குடும்பத்தை அழைத்துப்போக முடியாது, எந்தக் குரூப்பானாலும் அதேதான். ஏஜென்டிடம் கமிஷன் எவ்வளவு என்று கூசாமல் கேளுங்கள். என்னிடமும் கேட்கலாம், எங்களுக்கும் பல்கலைக்கழகங்கள்தான் படியளக்கின்றன.

லஃப்பரோவுக்கு டெபாசிட் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி. அந்த அப்பா இன்னும் போன் செய்யவில்லை.