அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சிவக்கும் திட்டு

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலது புறங்கையில் ஒரு ரூபாய் நாணய அளவில் கருந்திட்டு உண்டு. சில நாட்களில் அது சிவந்து, நடுவில் ஊதா நிறமாகி எரியும். “காஞ்சொறி பட்டிருக்கும், இல்லாட்டி கம்பளிப்பூச்சி” என்பார். தோட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லைதான். ஆனால் பூச்சி ஒவ்வொரு முறையும் அதே இடத்தைத் தேடி வருமா? விசாரித்தால், அது சிவந்த நாளெல்லாம் அவர் இடுப்புவலிக்கு மாத்திரை போட்ட நாள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஒரே இடம் திரும்பத் திரும்பச் சிவப்பதை, பிரெஞ்சுத் தோல் மருத்துவர் லூயி ப்ரோக் 1894-லேயே விவரித்திருக்கிறார். மருந்தை எதிர்த்துக் கிளம்பும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் சில, சண்டை ஓய்ந்த பிறகும் அந்த இடத்துத் தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. அதே மருந்து மறுபடி உடம்புக்குள் வந்ததும் விழித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள தோல் செல்களைத் தாக்குகின்றன. பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே எரிச்சல் ஆரம்பித்துவிடும். சிதைந்த செல்களின் மெலனின் நிறமி அடித்தோலில் இறங்கிவிடுவதால், சிவப்பு மறைந்தாலும் கருப்பு மறைவதில்லை. வலி மாத்திரைகள், கிருமிகளைக் கொல்லக் கொடுக்கும் சல்ஃபா மருந்துகள், டாக்சிசைக்ளின் எல்லாம் இப்படிச் செய்யக்கூடியவை.

டாக்சிசைக்ளினுக்கு இன்னொரு குணமும் உண்டு: வெயில் பட்ட தோலைச் சுட்டதுபோல் சிவக்க வைக்கும். குளிர்கிறதே என்று மலையில் நாம் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

எல்லாத் தடிப்பும் உடனே வராது. அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். மாத்திரை போட்ட சில நிமிடங்களில் அரிப்புத் தடிப்பு வந்தால் சந்தேகம் வந்துவிடும். அம்மை போன்ற செம்புள்ளிகளோ, பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 முதல் 14 நாள் கழித்து, முதலில் நெஞ்சிலும் முதுகிலும் கிளம்பும். அதற்குள் மாத்திரை தீர்ந்து, அட்டையும் குப்பைக்குப் போயிருக்கும்.

காய்ச்சலோடு தோல் வலித்தாலோ, வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலோ, கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வலிப்பு மருந்தும் யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினாலும் அரிதாக இப்படி உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு.

சரி, அக்கா என்ன செய்தார்? மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டினார். கம்பெனி மாறினால் மேலே உள்ள பெயரும் மாறிவிடும் என்பதால், டாக்டர் உள்ளிருக்கும் மருந்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. மருந்துக்கடையில் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்.