பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எம்பி3 பிளேயர் வாங்கும் முன்

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்பதால் எம்பி3 பிளேயர் பற்றி என்னிடம் வருகிற புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "புதுசா வாங்கினேன் சார், கம்ப்யூட்டர்ல சொருகினா ஒண்ணுமே வரமாட்டேங்குது." பிரித்துப் பார்த்தால் பிளேயரும் நன்றாக இருக்கும், கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கும், இரண்டுக்கும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான். போனிலேயே பாட்டுக் கேட்கிற காலத்தில் இது யாருக்கு வேண்டும் என்று கேட்காதீர்கள். கேசட்டிலிருந்தும் சிடியிலிருந்தும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து மாற்றிச் சேர்த்த பாட்டெல்லாம் அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் கிடக்கிறது, காலையில் நடக்கப் போகும்போது போன் தொல்லை இல்லாமல் அதைக் கேட்க வேண்டும் என்று வருகிறவர்கள், அதிலும் ரிட்டயர் ஆனவர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடையில் ஜிபி சொல்வார்கள், கலர் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, கேபிளைச் சொருகினால் பென்டிரைவ் மாதிரி தனி டிரைவாக வருமா என்பதைத்தான். அப்படி வருகிற பிளேயருக்கு மாஸ் ஸ்டோரேஜ் வகை, சுருக்கமாக எம்எஸ்சி, என்று பெயர். விண்டோஸ் எம்இ, 2000, எக்ஸ்பி என்று எதில் போட்டாலும் தனியாக டிரைவர் சிடி தேவைப்படாது, 98-க்கு மட்டும்தான் வேண்டும். இன்னொரு வகை எம்டிபி, இது தனி டிரைவாக வராது. இது எக்ஸ்பியில் வேலை செய்ய விண்டோஸ் மீடியா பிளேயர் 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பல பழைய மெஷின்களில் எக்ஸ்பியோடு வந்த பழைய பதிப்பே இன்னும் கிடக்கும். ஆண்ட்ராய்டில் ஓடுகிற பிளேயர்கள், இப்போதைய சோனி வாக்மேன் உட்பட, எம்டிபிதான். விலை அதிகம் என்பதால் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். சான்டிஸ்க் கிளிப் மாதிரி சிலவற்றில் செட்டிங்ஸுக்குள் யூஎஸ்பி மோடு என்று ஒன்று இருக்கும், அதில் எம்எஸ்சி என்று மாற்றிவிட்டால் டிரைவாக வந்துவிடும். ஆனால் எம்டிபியில் இருந்தபோது ஏற்றிய பாட்டு, எம்எஸ்சிக்கு மாற்றியபின் கம்ப்யூட்டரில் தெரியாது. பாட்டு போய்விட்டது என்று பதறி மறுபடி ஏற்றி இடத்தை அடைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய கம்ப்யூட்டருக்குப் பழைய ஐபாட் சரியாக இருக்கும் என்று செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களும் உண்டு. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆப்பிள் 2022 மே மாதத்தோடு ஐபாடை நிறுத்திவிட்டது, பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று தெரியாது. அதைவிட முக்கியம், பாட்டை இழுத்துப் போட்டால் அது பாடாது, ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். இப்போதைய ஐட்யூன்ஸ் எக்ஸ்பியில் ஏறாது.

அடுத்தது யூஎஸ்பி வேகம். மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக் செய்து, மேனேஜ், டிவைஸ் மேனேஜர் என்று போனால் அடியில் யூஎஸ்பி கண்ட்ரோலர்கள் வரிசையாக இருக்கும். அதில் 'என்ஹான்ஸ்டு' என்ற சொல் கண்ணில் பட்டால் உங்களுடையது வேகமான யூஎஸ்பி 2.0. இல்லாவிட்டால் மெதுவான பழைய 1.1 ஆக இருக்கலாம், அல்லது 2.0-க்கான டிரைவர் போடாமல் இருக்கலாம். 1.1-இல் நொடிக்கு 1 எம்பி போனாலே பெரிய விஷயம். 8 ஜிபி நிரப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பிளேயர் கெட்டுப்போச்சு என்று பாதியில் பிடுங்காதீர்கள், ஓட விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

மெமரி கார்டு போடுகிற மாதிரி உள்ள பிளேயராக இருந்தால் பாதித் தலைவலி குறையும். எம்டிபி பிரச்சினையே இருந்தாலும் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் 32 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வரும், மைக்ரோசாஃப்ட் அதற்கென்று கொடுத்த அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு அது புரியாது. புரியாவிட்டால் சும்மா இருக்காது, "இந்த டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். பேரன் தன் லேப்டாப்பில் பாட்டு ஏற்றிக் கொடுத்த கார்டை எக்ஸ்பியில் போட்டு, இந்தக் கேள்விக்கு 'எஸ்' அழுத்தி எல்லாவற்றையும் இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி வந்தால் 'நோ'தான். பழைய லேப்டாப்பில் இருக்கிற கார்டு ஓட்டையையும் நம்ப முடியாது, சிலது 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டையே படிக்காது. தனி யூஎஸ்பி ரீடர் ஒன்று வாங்கிவிடுவது மேல்.

32 போதுமா என்றால், தாராளமாகப் போதும். பாட்டை 128 கேபிபிஎஸ் தரத்தில் வைத்திருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி; 5 நிமிடப் பாட்டு என்று வைத்தால் 6,000 பாட்டுப் பிடிக்கும். 320-இல் வைத்திருப்பவர்களுக்கே 2,500 பிடிக்கும்.

ஏமாற்று விஷயம் ஒன்று இருக்கிறது. பெயர் தெரியாத கம்பெனியின் 128 ஜிபி பிளேயர் அடிமாட்டு விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே 4 ஜிபி, 8 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் 128 என்று காட்டச் சொல்லி அமைத்திருப்பார்கள். முதல் கொஞ்சம் பாட்டு நன்றாகப் பாடும், அப்புறம் ஏற்றியதெல்லாம் பெயர் இருக்கும், பாட்டு வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. அது டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். பொருளைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே, பாட்டு எதுவும் ஏற்றுவதற்கு முன் இதை ஓட்டிவிடுங்கள்.

எக்ஸ்பிக்கு அப்டேட் வருவது 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அந்த மெஷினில் ஷார்ட்கட் வைரஸ் இருந்தால் பிளேயர் வழியாக மகன் லேப்டாப்புக்கும் போகும். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் பாட்டு பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஃபார்மட் அடிப்பதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பாட்டு வரிசை மாறி வருகிறது என்பது இன்னொரு புகார். மலிவான பிளேயர்கள் பெரும்பாலும் பெயர் வரிசையைப் பார்க்காது, எந்த வரிசையில் காப்பி செய்தீர்களோ அந்த வரிசையில் பாடும். அதனால் ஒவ்வொரு ஃபோல்டராக வரிசைப்படி போடுங்கள். தமிழில் பெயர் வைத்தால் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், இங்கிலீஷ் எழுத்தில் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஏதோ தளத்தில் இறக்கிய பாட்டு என்றால் எல்லாப் பாட்டின் முன்னாலும் அந்தத் தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னத் திரையில் அது மட்டும்தான் தெரியும், எது எந்தப் பாட்டு என்று சாமிக்கே தெரியாது.

கடைசியாகக் கேபிள். இப்போது சில பிளேயரோடு இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிள் வருகிறது, அது பழைய சிபியுவில் நுழையாது. வீட்டில் கிடக்கிற சார்ஜர் கேபிளைப் போட்டால் சார்ஜ் மட்டும் ஏறும், சிலவற்றுக்குள் டேட்டா ஒயரே இருக்காது. கேபிளை மாற்றிப் பாருங்கள், முன்பக்கப் போர்ட்டை விட்டு சிபியுவின் பின்பக்கத்தில் சொருகிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொண்டு வாருங்கள், ஆனால் பிளேயரை மட்டும் எடுத்து வராதீர்கள், சிபியுவையும் தூக்கி வாருங்கள். என் கடைக் கம்ப்யூட்டரில் போட்டால் அது ஒழுங்காக வந்து நிற்கும்.