விதி எங்கே எழுதியிருக்கிறது?

1934 டிசம்பர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஓர் எண்ணெய் வழக்கு. கிழக்கு டெக்சாஸில் ஒதுக்கீட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்தால் குற்றம் என்ற விதியை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குப் போட்டிருந்தன. வழக்கு மேலே வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த விதியே இல்லை. 1933 செப்டம்பரில் திருத்த ஆணை எழுதியபோது அந்தப் பத்தி தவறுதலாக விடுபட்டிருந்தது. அது அதிகாரிகளுக்கும் தெரியாது, வழக்காடியவர்களுக்கும் தெரியாது. இந்த ஆணைகளையெல்லாம் ஒருவர் எங்கே போய்ப் பார்ப்பது என்று நீதிபதி பிராண்டைஸ் கேட்டபோது, அரசுத் தரப்பிடம் சரியான பதில் இல்லை.

அடுத்த ஆண்டு ஜூலையிலேயே இதற்கென ஒரு சட்டம் வந்தது. 1936 மார்ச் 14 அன்று 16 பக்கங்களோடு ‘ஃபெடரல் ரிஜிஸ்டர்’ முதல் இதழ் வெளியானது. நம் அரசிதழைப் போன்றது. வேலைநாள் தவறாமல் வரும்.

ஆனால் அன்றாட இதழ் மட்டும் போதாது. கடைக்காரர் வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார் இல்லையா? ஃபெடரல் ரிஜிஸ்டர்தான் குறிப்பேடு. பேரேடு என்பது ‘கோட் ஆஃப் ஃபெடரல் ரெகுலேஷன்ஸ்’, சுருக்கமாக சி.எஃப்.ஆர். முதல் பதிப்பு 1938-இல் வந்தது. பொருள்வாரியாக 50 தலைப்புகள். ‘21 சி.எஃப்.ஆர். 131.110’ என்றால் 21-ஆம் தலைப்பான உணவு, மருந்தில் 131-ஆம் பாகம், 110-ஆம் பிரிவு. அங்கே பால் என்றால் என்ன என்று எழுதியிருக்கும்: கொழுப்பு குறைந்தது 3.25 சதவீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.25 சதவீதம்.

ஒரு விதி மாறும் விதத்தை ஃபிரெஞ்ச் டிரெஸ்ஸிங் என்ற சாலட் குழம்பை வைத்துப் பார்க்கலாம். அதில் எடைக்கு 35 சதவீதம் தாவர எண்ணெய் இருக்க வேண்டும் என்ற தர விதி 1950-இல் வந்தது. இனி அது வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் 1998-இல் மனுக் கொடுத்தது. 2020-இல்தான் வரைவு வெளியானது. 1946 நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, பொதுவாக வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். இறுதி விதி வெளியாகி 30 நாளாவது கழிந்த பிறகே அமலாக வேண்டும். 2022 ஜனவரியில் இறுதி விதி வந்தது, பிப்ரவரியில் 169.115 பிரிவு தொகுப்பிலிருந்து போனது. ஒரு சாலட் குழம்புக்கு 24 ஆண்டு!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பேரேட்டில் ஏற்றும் வேலைதான். இறுதி விதியின் கடைசியில் திருத்தக் குறிப்புகள் இருக்கும்: இந்தப் பத்தியில் இந்தச் சொல்லை நீக்கி, இதைச் சேர்க்கவும் என்று. தொகுப்பின் ஆசிரியர்கள் அதை எழுத்துப் பிசகாமல் செய்வார்கள், ஊகித்துத் திருத்த மாட்டார்கள். நீக்கச் சொன்ன சொல் அங்கே இல்லையென்றால், குறிப்பு பிழையாக இருப்பதால் திருத்தத்தைச் சேர்க்க முடியவில்லை என்று அந்த இடத்திலேயே பதிவு செய்துவிடுவார்கள். 1933-இல் யார் கண்ணிலும் படாமல் ஒரு பத்தி மறைந்ததை நினைத்தால், இந்தப் பிடிவாதத்தின் அருமை புரியும்.

அச்சுத் தொகுப்பு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு தவணையாகப் புதுப்பிக்கப்படுகிறது: 1 முதல் 16 வரையான தலைப்புகள் ஜனவரி 1 நிலவரப்படி, மற்றவை ஏப்ரல், ஜூலை, அக்டோபரில்.

இதழில் வந்துவிட்டால் எல்லோருக்கும் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். ஐடஹோ விவசாயி ஒருவர், குளிர்காலக் கோதுமை போட்டிருந்த நிலத்தில் வசந்தகாலக் கோதுமையை மறுவிதைப்புச் செய்து அரசுக் காப்பீடு எடுத்தார். செல்லும் என்று உள்ளூர் அலுவலர்களே சொன்னார்கள். வறட்சியில் பயிர் போனது. மறுவிதைப்புக்குக் காப்பீடு கிடையாது என்ற விதி ஃபெடரல் ரிஜிஸ்டரில் இருந்ததால், 1947-இல் 5-4 என்ற கணக்கில் அவர் தோற்றார். அந்த இதழை எல்லாம் படித்துக்கொண்டிருந்தால் விவசாயிக்கு விதைக்கவே நேரம் இருக்காது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஜாக்சன் எழுதினார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம்.

இன்று அந்த விவசாயியின் பேரப்பிள்ளைகள் கைப்பேசியிலேயே இணையத் தொகுப்பைத் திறக்கலாம். அநேகமாக நாள்தோறும் புதுப்பிக்கிறார்கள். ஒரு பிரிவு 2017 ஜனவரிக்குப் பிறகு எந்தத் தேதியில் எப்படி இருந்தது என்பதையும், இரண்டு தேதிகளுக்கு நடுவே எந்தச் சொல் போய் எந்தச் சொல் வந்தது என்பதையும் அதில் பார்க்க முடிகிறது.