பெத்தவ எங்கே?

கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஆண்டுக்கு இரண்டு முறை ஜவுளிக்கடை பிளக்ஸ் மாறும். ஓணம் வந்தால் சரிகைக் கரை போட்ட கசவு, தீபாவளி வந்தால் பட்டு. ஒரு தடவை மலையாளம் பெரிதாக இருக்கும், இன்னொரு தடவை தமிழ். சேலை கட்டி நிற்கும் பெண்ணின் நிறம் மட்டும் மாறாது. அவளுக்குக் கீழே பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் அந்த நிறத்தில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பழகிப்போனதால் யாரும் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

ஊர் உலகத்தையே நிமிர்ந்து பார்க்க வைத்த துணி விளம்பரம் என்றால் இத்தாலியின் பெனட்டன்தான். 1965-ல் தொடங்கிய ஸ்வெட்டர் கம்பெனி. 1982-ல் ஒலிவியேரோ டோஸ்கானி என்ற புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். முதலில் பல இனத்துப் பிள்ளைகள் கலர் கலராக உடுத்திச் சிரித்தார்கள். அழகுதான், ஆனால் யார் தூக்கமும் கெடவில்லை. 1989-ல் வந்த படம் கெடுத்தது. கறுப்பினப் பெண் ஒருத்தி, தோளில் சிவப்பு ஸ்வெட்டர், முகம் படத்துக்குள் இல்லை. வெள்ளைக் குழந்தை ஒன்று அவளிடம் பால் குடிக்கிறது. ஓரத்தில் பச்சைக் கட்டத்துக்குள் கம்பெனி பெயர். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

இந்தப் படத்தைக் கைபேசியில் என் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டது ஒன்றுதான்: "இதைப் பெத்தவ எங்கடா?"

அந்தக் கேள்வி படத்தில் இல்லை. அவள் தாயில்லை என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. மூளை ஒரு காட்சியை முழுதாக வாசிப்பதில்லை. இரண்டு மூன்று அடையாளங்களைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் அச்சிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. உளவியலில் இதை மனச்சட்டகம் என்பார்கள். கறுத்த பெண்ணின் இடுப்பில் சிவத்த குழந்தை இருந்தால் அவள் வேலைக்கு வந்தவள் என்பது எங்கள் பக்கத்துச் சட்டகம். அமெரிக்காவில் அது இன்னும் கொடியது. அங்கே அடிமைப் பெண்கள் எஜமானர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் கறுப்பின மக்கள் கொதித்தார்கள், அந்த நாட்டில் படம் ஒதுக்கி வைக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதே படம் பரிசுகள் வாங்கியது. தாளும் மையும் ஒன்று, பார்த்தவர்களின் பழைய கதை வேறு.

அதே ஆண்டின் இன்னொரு படம் இதை இன்னும் பச்சையாகக் காட்டுகிறது. ஒரு கறுப்புக் கை, ஒரு வெள்ளைக் கை, இரண்டையும் பூட்டிய ஒரே விலங்கு. இரண்டு கைகளுக்கும் ஒரே மாதிரிச் சட்டை. யார் போலீஸ், யார் கைதி? படத்தில் பதில் கிடையாது. ஆனாலும் கறுப்பரை வெள்ளைக்காரர் பிடித்துக்கொண்டு போகிறார் என்றுதான் பலர் படித்தார்கள், புகாரும் சொன்னார்கள். வெற்றிடத்தை விட்டுவைப்பதுதான் டோஸ்கானியின் நுட்பம். அதில் நாமே போய் விழுகிறோம்.

இப்படி விழும் வேகத்தை அளக்க 1998-ல் ஒரு சோதனை வெளியானது. கறுப்பு முகமும் வெள்ளை முகமும், நல்ல சொல்லும் கெட்ட சொல்லும் திரையில் மாறி மாறி வரும். இரண்டே விசைகளால் பிரிக்க வேண்டும். மனசுக்குள் முன்பே முடிச்சுப் போட்ட ஜோடிகள் ஒரே விசையில் வந்தால் விரல் வேகமாக ஓடும், பிரித்துப் போட்டால் தடுமாறும். வித்தியாசம் மில்லி விநாடிக் கணக்குதான். இதை வைத்துத் தனி ஒருவரை இனவெறியர் என்று சொல்லிவிடலாமா என்ற சண்டை ஓயவில்லை. முடிச்சு இருப்பதை அறியச் சோதனைக்கூடம் வேண்டுமா என்ன? "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்கிறோமே. கறுப்பை மெச்சுகிற பழமொழியிலேகூட அது பொன்னாக வேண்டியிருக்கிறது.

இந்த வித்தை சறுக்கும் இடமும் உண்டு. 1991-ல் டோஸ்கானி இரண்டு சிறுமிகளைச் சேர்த்து அணைத்தபடி நிறுத்தினார். வெள்ளைச் சிறுமிக்குப் பொன் சுருள்முடி, தேவதை போல. கறுப்புச் சிறுமியின் முடியை இரண்டு கொம்பாக முறுக்கிவிட்டிருந்தார்கள். முன்தீர்ப்பைக் கிண்டல் செய்கிறோம் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. கைவிலங்குப் படம் கேள்வி கேட்டது. இதில் கேள்விக்கு இடமே இல்லை, பழைய முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருக்கிறார்கள். நூறு தடவை பார்த்த ஜோடி கிண்டலாக வந்தாலும் நூற்றியொன்றாவது தடவைதான்.

1996-ல் பெனட்டன் விளம்பரத்தில் மூன்று இதயங்கள் வந்தன. மேலே வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று ஒவ்வொரு சொல். மூன்றும் ஒரே மாதிரி. உள்ளே எல்லாரும் ஒன்று என்பது சரி. பஸ் ஸ்டாண்டில் நம்மை யாரும் உள்ளே பார்ப்பதில்லை.

கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறுபட்டால் அதுதான் நினைவில் தங்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் 1933-லேயே காட்டியிருக்கிறார். அதிர்ச்சி விளம்பரத்தின் மூலதனமே அதுதான். ஆனால் அந்த மூலதனம் கரையும். எல்லாப் பலகையிலும் கறுத்த பெண்கள் வந்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சமத்துவம் வேண்டுபவர்களுக்கு அதுதான் வெற்றி, விளம்பரக்காரருக்கோ நஷ்டம்.

போன மாதம் பிளக்ஸ் அடிக்கும் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். பெண்ணின் முகத்து வெளுப்பைக் கணினியில் ரெண்டு புள்ளி தூக்கிவிடுவதாகச் சொன்னான். அச்சில் கொஞ்சம் இருளடிக்குமாம், அதற்காக ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி எதற்கு என்றேன். சிரித்தான். சரி, நம் ஊர் நிறத்தில் ஒருத்திக்குக் கசவு கட்டி நிறுத்தினால் என்ன ஆகும்?

"எல்லாரும் நின்னு பாப்பாங்கண்ணா. ஆனா சேலையப் பாக்க மாட்டாங்க."